லவுஞ்சில் ஒரு கடைசிப் பந்தி

ஐந்தோவன் நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் மாலை ஆறு மணிக்கு ஒரு கூத்து நடக்கும். அதுவரை ஒன்றாகச் சைக்கிள் ஓட்டி, ஒன்றாக மணலில் புரண்டுகொண்டிருந்த பிள்ளைகள் மணி ஆறானதும் அவரவர் வீட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். அடுத்த வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை அந்த வீட்டுக்காரர்களே கையைப் பிடித்து அழைத்துவந்து பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். காரணம் வேறொன்றுமில்லை, நெதர்லாந்து நாடே அந்த நேரத்தில் சாப்பிட உட்காருகிறது. எங்கள் மகள் எழிலைப் பக்கத்து வீட்டு அன்னேகே முதல்முறை இப்படிக் கொண்டுவந்து விட்டபோது எனக்கு விவரம் புரியவில்லை. "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று வாசலில் நின்று சிரித்தார். எங்களையும் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நம் ஊர் மரியாதைப்படி, "ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம், இன்னொரு நாள் வருகிறோமே" என்றேன். அன்னேகே குழம்பிப்போனார். "சிரமமே இல்லை, பக்கத்து வாசல்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று இரவு முழுக்கப் புலம்பித் தீர்த்தேன். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை உட்கார வைத்து இரண்டு வாய் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? என் கணவர் அருள்ராஜ் மட்டும், "அவங்க ஆளுக்கு இத்தனைன்னு உருளைக்கிழங்கை எண்ணி அவிக்கிறவங்க, நீ ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கிற" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

ஏழு வருடம் இங்கே குப்பை கொட்டிய பிறகு இப்போது எனக்கு அன்னேகே மேல் கோபமில்லை. இவர்களுக்குச் சாப்பாடு என்பது சாப்பாடு மட்டும்தான். அன்னேகேவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஏதோ சொத்துத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டு மேசையில் உட்கார்ந்து மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் அப்படி நடக்குமா? பெண் பார்க்கப் போகிற வீட்டில் பேச்சு முடியும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். பகையாளி வீட்டு வாசலில் நின்று பேசலாம், அவர்கள் மோட்டாரை இரவல் வாங்கலாம், அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போய்த் தோள் கொடுக்கலாம். அவர்கள் வீட்டுச் சோற்றில் கை நனைப்பது மட்டும் கூடாது. கை நனைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று பொருள், ஒத்துக்கொண்டாயிற்று என்று பொருள். அதற்கு மேல் எந்தப் பத்திரமும் தேவையில்லை. அந்த ஒரு முடிச்சை வைத்துத்தான் என் அப்பா என்னை ஏழு வருடம் கட்டிப்போட்டிருந்தார்.

நான் ஆலங்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா ராமையாவுக்குத் தென்னையும் கடலையும்தான் உலகம். அருள் கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்காட்டு ஊர், மாதாகோவில் குடும்பம். திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தோம். வீட்டில் சொல்லிப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கடைசியில் பதிவு அலுவலகத்தில் நான்கு சிநேகிதர்களோடு கல்யாணத்தை முடித்துக்கொண்டோம். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை, தலைமுழுகவும் இல்லை. மூன்று மாதம் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். அதற்குள் என் பெரியப்பா மகனுக்கு ஆலங்குடியில் கல்யாணம் வந்தது. அப்பா வழக்கம்போலச் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றிருக்கிறார். இலையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "மக வீட்டு விருந்து எப்பண்ணே? சொன்னா நாங்களும் வாரோம்ல" என்று சீண்டியிருக்கிறார். அப்பா வாளியைத் தரையில் வைத்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "அந்த வீட்டுல என் கை நனையாது" என்று சொல்லிவிட்டார். நாக்கு தவறிச் சொன்னதா, மனதார வந்ததா, தெரியாது. ஆனால் நூறு பேர் நடுவில் விழுந்த வார்த்தை. அதைத் திரும்ப எடுக்க எங்கள் ஊரில் வழி கிடையாது.

அதன் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக இளகினார் என்பதுதான் வேதனை. முழுதாக வெறுத்திருந்தால் எனக்கும் சுலபமாகப் போயிருக்கும். எழில் பிறந்தபோது படத்தைப் பார்த்து அழுதாராம். நாங்கள் விடுமுறைக்கு வரும்போது கந்தர்வக்கோட்டையில் மாமியார் வீட்டில் தங்கி, பகலில் ஆலங்குடிக்கு வந்துபோவோம். அப்பா பேத்தியைத் தோளிலிருந்து இறக்கமாட்டார். அருளிடம் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் மரியாதையில் குறை இருக்காது. "அவரை அந்தச் சேர்ல உக்காரச் சொல்லு ஆத்தா, இதுல ஆணி நீட்டிக்கிட்டிருக்கு" என்று என் வழியாகச் சொல்லுவார். அம்மா அருளுக்கு இலை போடுகிற நேரம் பார்த்து, தென்னைக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்று கிளம்பிவிடுவார். மழை பெய்துகொண்டிருந்தாலும் தண்ணீர் திறக்கப் போவார். நாங்கள் ஆசையாக வாங்கிப்போகும் சாக்லேட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. அம்மாவும் அவருக்காக எங்கள் கையால் எதையும் தின்றதில்லை. எழிலைப் பெற்றபோது ஐந்தோவனில் என் பக்கத்தில் அம்மா இல்லை. மருத்துவக் காப்பீட்டில் அனுப்பிய டச்சுத் தாதி ஒருத்தி ஒரு வாரம் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டினாள்; ரஸ்க்கின் மேல் வெண்ணெய் தடவி, சோம்பு மிட்டாய் தூவி, இதுதான் எங்கள் வழக்கம் என்று ஊட்டினாள். நல்லவள். ஆனால் பூண்டுக் குழம்பு கேட்டு அன்றைக்கு நான் அழுத அழுகை அவளுக்குப் புரியவில்லை, காற்றுக்கு அழுகிறேன் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கியதும் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "ஒரு பிரசவத்துக்குப் பேசாம இருந்துட்டேன். இதுக்கு நான் போறேன். யாரு வந்தாலும் வராட்டியும் சரி." அம்மா தனியாகப் புதுக்கோட்டைக்குக்கூடப் போனதில்லை. அதனால் அப்பாவும் கிளம்பினார். மூன்று மாதம் தங்குவதற்கு விசா. டிக்கெட் என் பணத்தில்தான் என்று பிடிவாதம் பிடித்து, தேங்காய் விற்ற காசைக் கொண்டுபோய் ஏஜெண்டிடம் அவரே கட்டினார். அதோடு விட்டாரா? பெட்டியில் ஒரு மின்சார அடுப்பு, இரண்டு அலுமினியச் சட்டி, ஐந்து கிலோ புழுங்கலரிசி. "எனக்கு நானே பொங்கிக்குவேன். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்றார். நான் அன்றிரவு தூங்கவில்லை. மூன்று மாதம் என் வீட்டில், என் அடுப்படியின் ஒரு மூலையில், என் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அருள் பார்க்க வேண்டும். விவரம் தெரிய ஆரம்பித்திருக்கும் ஐந்து வயது எழில், தாத்தா ஏன் நம்மோடு சாப்பிடுவதில்லை என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வேன்?

இந்த நிலையில்தான், அவர்களைக் கூட்டிப்போக ஊருக்கு வந்திருந்த நாங்களும் அப்பா அம்மாவுமாக ஐந்து பேரும் ஒரு காலை வேளையில் திருச்சி விமான நிலையம் வந்து சேர்ந்தோம். என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. ஊரில் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சோதனை எல்லாம் முடித்து உள்ளே போனால் லவுஞ்ச் என்று ஓர் அறை இருக்கும். மெத்தென்ற நாற்காலிகள், ஒரு ஓரமாக மூடி போட்ட பாத்திரங்களில் இட்லி, பொங்கல், வடை, சாம்பார், கேசரி. வேண்டியதை நாமே அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிடலாம். சில வங்கி அட்டைகள் வைத்திருப்பவர்கள் தங்களோடு சிலரைக் கூட்டிப்போகலாம். அருளிடம் அப்படி ஒரு அட்டை உண்டு. எனக்கோ ஏழாம் மாதம், கால் இரண்டும் வீங்கியிருந்தது, உட்கார இடம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் என் கணக்கு வேறு. அப்பா சட்டம் பேசுகிற ஆள். பிளேனில் தருகிற சாப்பாட்டைத் தின்னலாம், அது தன் டிக்கெட்டுக்கு உரிய கம்பெனிச் சோறு என்று அவரே முந்தின நாள் தீர்ப்புச் சொல்லியிருந்தார். லவுஞ்சும் டிக்கெட்டோடு சேர்ந்தது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார். ஒரே மேசையில் ஒரு வேளை நடந்துவிட்டால் பிறகு அடுத்த வேளையைப் பார்த்துக்கொள்ளலாம். அருளுக்கு இதில் விருப்பமில்லை. "மாமாவை ஏமாத்த வேணாம். தெரிஞ்சா இன்னும் வலிக்கும்" என்றார். நான் கேட்கவில்லை.

அப்பாவுக்காக அம்மா விடியற்காலையில் புளிச்சோறு கிண்டி இலையில் கட்டியிருந்தார். சோதனை முடிந்து வந்ததும் அப்பா கைப்பையைத் துழாவினார். பொட்டலம் இல்லை.

"ஏ வள்ளி, சோத்த எங்க வச்ச?"

"பெரிய பெட்டியில வச்சேன்" என்றார் அம்மா.

"அதுதான் பெல்ட்டுல ஏறிப் போயிருச்சே!"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன பிளேன்ல போயிப் பழகினவளா?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் பஸ்ஸில் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டுப் பையை மடியை விட்டு இறக்காதவர். அவரும் தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

என் பொய் லவுஞ்ச் வாசலிலேயே செத்துப்போயிற்று. முன்மேசையில் இருந்த பெண் பிள்ளை கலகலப்பானவள். அருளின் அட்டையை வாங்கித் தேய்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்து, "வாங்க ஐயா, நீங்க எல்லாரும் சாரோட கெஸ்ட்டா?" என்று கேட்டாள். நான் குறுக்கே புகுந்து ஏதோ சொல்வதற்குள் அப்பா, "கெஸ்ட்டுன்னா எப்புடிம்மா?" என்றார். "விருந்தாளிங்கய்யா. சாரோட கார்டுல வந்திருக்கீங்கல்ல, உள்ள எதை வேணாலும் சாப்பிடலாம்" என்றாள் அந்தப் புண்ணியவதி. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "ஏன் ஆத்தா, இப்புடிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "ஒனக்குக் காலு வீங்கியிருக்கு. உள்ள போயி உக்காரு. நானும் உக்காருறேன். உக்காருறதுல ஒண்ணுமில்ல" என்றார்.

உள்ளே போய்ச் சாப்பாட்டுக்கு முதுகு காட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. முந்தின நாள் மாலைக்குப் பிறகு அவர் வயிற்றில் ஒன்றும் விழவில்லை. அருள் ஒரு கோப்பைத் தண்ணீர்கூட எடுக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தார். அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். எழுந்து போய் ஒரு தட்டு நிறையப் பொங்கலும் வடையும் வைத்துக்கொண்டு வந்து, அப்பாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். "எனக்குப் பசிக்குது" என்றார், யாரும் கேட்காமலேயே. ஏழு வருடத்தில் அவர் எங்களோடு கை நனைத்தது அதுதான் முதல்முறை. அப்பா கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற பிளேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. நானும் எழிலுக்கு இட்லியை ஊட்டிவிட்டு, ஏதோ இரண்டு வாய் விழுங்கி வைத்தேன்.

பக்கத்தில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, வெயிலில் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது. சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருவதாக அருளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போய், கேசரியை நிறைய அள்ளி வைத்து, சாம்பார்க் கரண்டியை எடுத்து அதன் தலைமேல் கவிழ்க்கப் போனார். அப்பா தற்செயலாகத் திரும்பியவர் அதைப் பார்த்துவிட்டார். "அம்மா, அம்மா! அதுல ஊத்தாதீங்க!" என்று தமிழில் கத்திக்கொண்டு எழுந்து ஓடினார். நான் தடுக்க எழுவதற்குள் கரண்டி அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. அந்த அம்மாளின் தட்டை வாங்கிக் கேசரியை ஓரம் ஒதுக்கினார், இரண்டு இட்லி வைத்தார், சாம்பாரை அளவாக விட்டார், சட்னியை ஒரு பக்கம் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மாள் அவரை அந்த இடத்துப் பணியாளர் என்றே நினைத்துவிட்டார். "தேங்க்யூ, ஒரு காபியும் கிடைக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். காபி என்ற சொல் அப்பாவுக்குப் புரிந்தது. "தம்பி, இந்த அம்மாவுக்கு ஒரு காபி! சீனி தனியா!" என்று அங்கிருந்த ஊழியரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்த ஊழியர் பதறிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

அதோடு திரும்பி வந்திருப்பார். ஆனால் பின்னால் தட்டோடு நின்றவர் ஒருவர், துபாய்க்குப் போகிறவர், அப்பாவைப் பார்த்ததும் இயல்பாகத் தட்டை நீட்டினார். நீட்டிய தட்டில் வைக்காமல் இருக்க அப்பாவால் முடியாது. அடுத்தவரும் நீட்டினார். பிறகு சிங்கப்பூர் போகிற குடும்பம் ஒன்று நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்தது. அப்பா சாம்பார்ச் சட்டியைத் துண்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, "சாம்பாரு... சாம்பாரு..." என்று மேசை மேசையாகக் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்துப் பந்தியில் கேட்கிற அதே குரல். வெள்ளைக்கார அம்மாளிடம் போய், "போதுமாம்மா? இன்னும் ஒண்ணு வைக்கவா?" என்றார். அவர், "ஓகே, ஓகே" என்றார். ஓகே என்றால் சரி என்றுதானே பொருள், அப்பா ஒரு வடையை வைத்தார். அடுத்த சுற்றில் இன்னொன்று. மூன்றாவது வடையைப் பார்த்து அந்த அம்மாளின் முகம் வெளுத்ததும், அருள் எழுந்து போய் இரண்டு கையையும் தட்டின் மேல் விரித்துக் காட்டி, போதும் என்றால் இப்படி மூட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் அப்படியே மூடினார். அப்பா உடனே நகர்ந்துவிட்டார். ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரரை இத்தனை சுலபமாகப் புரிந்துகொண்டதை நான் இத்தனை வருட வெளிநாட்டு வாழ்க்கையில் பார்த்ததேயில்லை.

மேற்பார்வையாளர் வந்தார். இலுப்பூர்க்காரராம். "ஐயா, நீங்க உக்காருங்க, இதெல்லாம் எங்க வேலை" என்றார். "நீங்க எங்கப்பா பாக்குறீங்க? அங்கிட்டு அவருக்கு இட்லி தீந்து எம்புட்டு நேரமாச்சு? சோத்து முன்னாடி ஒருத்தரைக் காக்க வைக்கலாமா?" என்றார் அப்பா. மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு, கூட ஓர் ஆளை வடைத் தட்டோடு அனுப்பினார். அரை மணி நேரம் அந்த லவுஞ்ச் ஆலங்குடிக் கல்யாண மண்டபமாக இருந்தது. எழில் காகிதக் கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டு தாத்தாவின் பின்னாலேயே ஓடினாள்.

ஒருவழியாகக் கூட்டம் ஓய்ந்தது. துபாய்க்காரர் கைகூப்பி விடைபெற்றுப் போனார், சிங்கப்பூர்க் குடும்பமும் எழுந்து போயிற்று. அப்பா சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்போதுதான் அருள் எழுந்தார். இதைச் சொல்வதற்கு முன் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே விசேஷ வீடுகளில் பரிமாறக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவர் என்று யாராவது வாளியைத் தூக்குவார்கள். தூக்கியவரை யாரும் விருந்தாளியாக எண்ணமாட்டார்கள். அவருக்கு அழைப்பு வந்ததா, அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா என்றெல்லாம் கேட்பதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, பாத்திரங்களை நடுவில் வைத்துக்கொண்டு பரிமாறியவர்கள் தங்களுக்குள் பரிமாறிச் சாப்பிடுவார்கள். அதுதான் கடைசிப் பந்தி. அதில் உட்காருவது கை நனைப்பதில் சேராது. உழைத்த வயிறு சாப்பிடுகிறது, அவ்வளவுதான்.

கந்தர்வக்கோட்டைத் திருவிழாக்களில் அருளும் வாளி தூக்கி வளர்ந்தவர்தான். ஒரு மேசையைத் துடைத்தார். இரண்டு தட்டுகளை எதிரெதிரே வைத்தார். பொங்கல், இட்லி, சாம்பார் என்று மிச்சமிருந்ததை எல்லாம் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"மாமா, எல்லாரும் சாப்பிட்டாச்சு. நீங்களும் நானும்தான் பாக்கி" என்றார்.

அப்பா அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார், பந்தி முடிந்ததா என்று பார்க்கிற பார்வை. அம்மா என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிகிற அளவுக்கு. அப்பா என்னிடம் கேட்டார்.

"அவரு வேலை எதுவும் பாக்கலையே ஆத்தா. வடை ஒண்ணுகூடப் பரிமாறலையே."

எழில்தான், "அப்பா அந்தப் பாட்டிக்குக் கையை மூடச் சொல்லிக்கொடுத்தாங்கல்ல தாத்தா" என்றாள்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே நின்றுகொண்டிருந்தவரை நிமிர்ந்து பார்த்து, ஏழு வருடத்தில் முதல்முறையாக அவரிடமே பேசினார்.

"நிக்காதீங்க. நீங்களும் ஒரு எலையப் போடுங்க."

அருள் உட்கார்ந்தார். அப்பாவின் தட்டில் பொங்கல் வைத்தார். அப்பா அருளின் தட்டில் இட்லி வைத்தார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். இடையில் ஒருமுறை அப்பா, "சாம்பாருல உப்பு தூக்கலு" என்றார். அருள், "ஆமாங்க மாமா" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். வயிற்றில் பிள்ளை உதைத்தது.

அந்த மின்சார அடுப்பு ஐந்தோவனில் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. புளிச்சோறு மட்டும் பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க மணத்தது, அதை அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். முதல் நாளே அப்பா கேட்டார், "இங்க யாரு பரிமாறுறது?" அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வோம் என்றேன். "அது சரிப்படாது" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். மூன்று மாதமும் அப்படித்தான். எனக்கு, அம்மாவுக்கு, எழிலுக்கு முதல் பந்தி. அப்பா நின்று பரிமாறுவார். பிறகு அவரும் அருளும் கடைசிப் பந்தி. மகன் பிறந்த அன்றுகூட சமைத்ததை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பி, அருளுக்காக ஒன்பது மணிவரை பசியோடு காத்திருந்தாராம். அந்த நாட்களில் எனக்கு ஊர் நினைப்பே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? ஆனால் அவர்கள் கிளம்பிப் போன மறுநாள், இந்த வீடு எனக்கு வேறு யாரோ குடியிருக்கும் வீடாகத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கைப்பேசியில் அப்பா முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே மாலை, தென்னந்தோப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். தோப்பு வழியாகப் போன யாரோ ஒருவர் நின்று விசாரித்தார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"என்னண்ணே, மக வீட்டுக்குப் போயிட்டு வந்தீகளாமே. கை நனைச்சாச்சா?"

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே, "இல்லப்பா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் என் கண்ணெதிரே சாப்பிட்ட மனிதர். அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை என்று தெரியும். ஆனாலும் என் ஊரில் என் வீடு இன்னும் என் அப்பா சாப்பிடாத வீடுதான்.

"அப்ப மூணு மாசம் என்னதான் தின்னீக?"

"பரிமாறுனேன். பரிமாறுறவன் எதைத் திம்பானோ அதைத் தின்னேன்."

"அப்ப அந்த வீட்டு ஆளுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் நடந்து போயிற்று. அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டியா ஆத்தா?"

"இல்லப்பா. இப்பத்தான் எல்லாருக்கும் போட்டு முடிச்சேன். அவங்களும் பிள்ளைகளும் தூங்குறாங்க."

"பரிமாறுனவ தனியா உக்காந்து சாப்பிடக் கூடாது. போனை எங்கயாவது சாத்தி வச்சிட்டுச் சாப்பிடு. நான் பக்கத்துல இருக்கேன்."

கைப்பேசியைக் குழம்புச் சட்டியில் சாத்தி வைத்துவிட்டுத் தட்டை எடுத்தேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. கடைசிக் கவளம் இறங்கும்வரை அப்பா ஆலங்குடித் தோப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.